இடது முன்கால்

கால்நடை டாக்டர் ஃபென்னா இடது முன்காலைத் தூக்கியதும் யோப் என்னைத்தான் பார்த்தான்.

காதுகள் இரண்டையும் பின்னால் மடித்துக்கொண்டான். அந்தப் பார்வை எனக்குத் தெரியும்.

கயிற்றைச் சுவர் வளையத்தில் இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தோம். நான் அவன் கழுத்தைக் கட்டிப்பிடித்திருந்தேன். என் கணவர் ஹெஸ்ஸல் அவன் இடுப்பைச் சுவரோடு சேர்த்து அழுத்திக்கொண்டிருந்தார். கம்பளி போர்த்திய குட்டி ஒட்டகம் போல நிற்கும் ஒரு அல்பாக்காவைப் பார்த்து யாராவது நடுங்குவார்களா? நான் நடுங்கினேன்.

இரண்டு விரல்களில் ஒன்றின் நகம் பிய்ந்து தொங்கியது. மெத்தென்று இருக்க வேண்டிய பாதம் வீங்கிச் சீழ் கட்டியிருந்தது. மற்ற நகங்களும் வளர்ந்து பக்கவாட்டில் வளைந்திருந்தன.

ஃபென்னா என்னைக் கடிந்துகொண்டாள். கல்லிலும் பாறையிலும் நடந்து நகம் தேயும் மலைப் பிராணி இது, நம் ஊர் ஈரப் புல்லில் எங்கே தேயும், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வெட்ட வேண்டும் என்று உங்களுக்குத் தெரியாதா என்றாள்.

தெரியும். நாலு மாதமாக அவன் காலைத் தொட எனக்குத் தைரியம் வரவில்லை.

"செல்லப் பிள்ளையாச்சே. நகத்த வெட்டினா வலிக்கும்னு விட்டிருப்பா. என் கால் நகம் எப்படி இருக்குன்னு ஒருநாள் கேட்டிருப்பாளா?" என்றார் ஹெஸ்ஸல், சிரித்துக்கொண்டே.

பிள்ளைதான். தாய் ஒதுக்கிவிட்ட குட்டியை அடுப்பங்கரையில் பெட்டி போட்டுப் புட்டிப்பாலில் வளர்த்தவள் நான். சோபாவில் என் மடியில் தலைவைத்துத் தூங்குவான். கொடுத்தவர்களே சொல்லித்தான் அனுப்பினார்கள்: ஆண்குட்டி, ரொம்பக் கொஞ்சாதீர்கள், மற்ற குட்டிகளோடு விட்டுவிடுங்கள் என்று. எங்களுக்குப் பிள்ளை இல்லை. நான் கொஞ்சினேன்.

விளைவு, என்னையும் ஒரு அல்பாக்கா என்று நம்பியே வளர்ந்தான். மூன்று வயதானதும், மந்தையில் இன்னொரு ஆணோடு மோதுவதுபோல என்னோடு மோத ஆரம்பித்தான்.

ஹெஸ்ஸல் பக்கத்தில் இருந்தால் பரம சாது. அவர் ஒருநாளும் இவனைக் கொஞ்சியதில்லை. நான் மட்டும் தனியாகத் தீவனத் தொட்டியில் குனிந்தால் போதும், பின்னாலிருந்து பாய்வான். நெஞ்சால் முட்டித் தள்ளுவான். விழுந்தால் மேலே ஏறி மண்டியிட்டு அழுத்துவான். எழுபது கிலோ. மூச்சு நின்றுவிடும்.

செவ்வாய்க்கிழமை கதவைச் சாத்திவிட்டு ஓடினேன். துரத்தி வந்தவனின் கால் இரும்புக் கதவின் கம்பிகளுக்கிடையே மாட்டிக்கொண்டது. வளைந்த நகம் அங்கேதான் பிய்ந்தது.

மிரண்டுபோய்க் கதவில் காலை விட்டுவிட்டான் என்று மட்டும் ஃபென்னாவிடம் சொல்லியிருந்தேன். ஹெஸ்ஸலிடமும் அதேதான். உண்மையைச் சொன்னால் இன்றைக்கே ஊசி. பக்கத்து ஊரில் இதேபோலப் புட்டிப்பாலில் வளர்ந்து வெறி பிடித்த ஒரு அல்பாக்காவைப் போன வருஷம் இவள்தான் ஊசி போட்டு முடித்தாள். இதற்கு மருந்து கிடையாது, ஆள் சாகும்வரை காத்திருக்க முடியாது என்று அவள் சொன்னதை ஊரே பேசியது.

ஃபென்னா புண்ணைக் கீறினாள். யோப் தலையை உதறினான். அவன் தாடை பட்டு என் கழுத்துத்துணி நழுவித் தரையில் விழுந்தது.

குனிந்து எடுத்தால் அவன் முன்னால் குனிய வேண்டும். முடியவில்லை. அப்படியே நின்றேன்.

ஃபென்னா நிமிர்ந்தாள். என் கழுத்தெலும்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு நீலமும் மஞ்சளுமாகக் கன்றிக் கிடந்ததைப் பார்த்தாள். மேலேறியிருந்த சட்டைக் கைக்குள்ளும் பார்த்தாள்.

பிறகு ஹெஸ்ஸலிடம், கொஞ்சம் வெந்நீர் வேண்டுமே என்றாள். அவள் பக்கத்து வாளியில் வெந்நீர் ஆவி பறந்துகொண்டிருந்தது. அவர் அதைக் கவனிக்காமல் வீட்டுக்கு ஓடினார்.

அவர் போனதும் யோப்பின் கழுத்து என் கைக்குள் விறைத்தது. கயிறு இழுபட்டது. அவர் திரும்பி வருகிறாரா என்று கதவையே பார்த்தேன். ஃபென்னா அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"வீட்ஸ்கே, இது கீழ விழுந்த அடி இல்ல. எங்கிட்ட சொல்லுங்க, உங்களக் கேக்காம நான் ஒண்ணும் செய்யமாட்டேன். அவர்தானே?"

இல்லை என்று சொல்லிவிடலாம். அடுத்து, பின்னே எப்படி என்று கேட்பாள். என்னால் ஒரு பொய்யை அடுக்கிச் சொல்ல முடியாது. அவள் பை திறந்தே கிடந்தது. அதற்குள் ஊசிப் பெட்டி இருந்தது.

நான் யோப்பின் கம்பளிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். குழந்தையில் வந்த அதே வாசனை.

அதையே அவள் பதிலாக எடுத்துக்கொண்டாள்.

கட்டுப் போட்டு முடித்தாள். மருந்து அட்டையின் பின்னால் தன் சொந்த நம்பரை எழுதி, மடித்து என் சட்டைப் பையில் செருகினாள். எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள், என் வீட்டில் ஒரு அறை சும்மாதான் கிடக்கிறது என்றாள்.

ஹெஸ்ஸல் இரண்டு கையிலும் வெந்நீர் வாளியோடு மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். காபி போட்டிருக்கிறேன், குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். யோப்பின் கட்டைப் பார்த்து, பிழைத்துக்கொள்வானா என்று கேட்டார்.

அவன் பிழைத்துக்கொள்வான் என்றாள் ஃபென்னா. காபிக்கு நிற்காமல் பையை மூடினாள்.

என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். வெகுநேரம் விடவில்லை.

ஹெஸ்ஸலும் கையை நீட்டினார். அவள் அந்தக் கையைப் பார்த்தாள். பையை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டிப் போனாள்.

ஹெஸ்ஸல் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கை அழுக்கு என்று நினைத்திருக்க வேண்டும். கால்சட்டையில் அழுத்தித் துடைத்துவிட்டு, மறுபடியும் அதை நீட்டிக்கொண்டு அவள் காரை நோக்கி நடந்தார்.