மூன்றாம் இடத்து நாவல்

டிசம்பர் பிறந்ததும் ஒவ்வொரு வாசகருக்கும் பட்டியல் வந்துவிடும். அடுத்த வருடம் அவர் சொக்கிப்போய்ப் படிக்கவிருக்கும் நாவல்கள், எந்தப் பக்கத்தில் சிரிப்பார் என்பது உட்பட. இதுவரை அது பொய்த்ததே இல்லை.

தோசைக்குக் காத்திருந்த சங்கரலிங்கம் தன் பட்டியலைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தார். மூன்றாவது நாவலில் குரல் நின்றது.

"ஏட்டி, எழுதினது பாளையங்கோட்டை கோமதி சங்கரலிங்கம்னு போட்டிருக்கு. நீயா?"

அடுப்படியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "நாப்பது பக்கம் எழுதினேன். நல்லா இல்லன்னு நேத்துதான் அழிச்சேன்."

"இருநூத்திப் பத்தாம் பக்கத்துல நான் விழுந்து விழுந்து சிரிப்பேனாம். அதுல என்னட்டி எழுதப்போற?"

கோமதி தோசைக்கரண்டியை அவர் கையில் திணித்தாள்.

"முதல்ல நீங்க தோசை சுடுங்க. அதைப் பாத்துட்டு எழுதுதேன்."