சாம்பல் கட்டம்

“சாம்பல் கட்டத்துல இரட்டைப்படை, வெள்ளையில ஒற்றைப்படை. எத்தனை தடவை சொல்றது உனக்கு?”

“என் மண்டையில இதெல்லாம் எங்க ஏறுது? நீங்களே போடுங்க.” கொட்டாவி விட்டபடி சாப்பாட்டு டப்பாவை மூடினாள் மனைவி. எட்டு மணிக்கு அவள் சட்டைக் கம்பெனியில் பொத்தான் தைக்க உட்கார்ந்தாக வேண்டும்.

தையற்காரர் பேப்பரை மடியில் வைத்துப் பென்சிலைச் சீவினார். பக்கவாதம் வந்து எட்டு மாதம். கை திரும்பிவிட்டது, நம்பிக்கை திரும்பவில்லை. அளவெடுத்தால் எண் மறந்துபோகுமோ என்று பயம். பேப்பரில் வரும் எண் புதிரைத் தொடர்ந்து ஏழு நாள், யார் உதவியும் இல்லாமல் முடித்தால்தான் மிஷின் உறையை எடுப்பேன் என்று சொல்லியிருந்தார். இரண்டு மாதமாக ஒன்றுகூட முடியவில்லை. போன வாரத்திலிருந்துதான் வரிசையாக முடிந்துகொண்டிருந்தது.

“இந்தச் சாம்பல் கட்டம் போட ஆரம்பிச்சாங்க, அதுல அச்சான எண்ணெல்லாம் இரட்டைப்படைன்னு கவனிச்சேன், பொழச்சேன். ஆறு நாளா ரப்பரையே தொடல, தெரியுமா?”

“பெரிய மேதைதான். இன்னைக்கும் முடிச்சிடுங்க. என்னால ஒண்டியா குடும்பத்தை இழுக்க முடியலைங்க.”

அவர் பேப்பரின் மேல் குனிந்தார். கட்டங்கள் ஒவ்வொன்றாக நிரம்பின.

“அடச்சே, சாம்பல்ல போய் ஏழு போட்டுட்டேன்!”

ரப்பரை எடுத்துத் தேய்த்தார். தேய்த்த இடத்தையே வெகுநேரம் பார்த்தார். பிறகு அங்கே நான்கு என்று எழுதிவிட்டு, மீதியை மெதுவாக முடித்தார்.

“ஆச்சா?” ஒரு காலில் செருப்பை மாட்டியபடி அவள் எட்டிப் பார்த்தாள். “ஏழு நாள் ஆயிடுச்சு. உறையை எடுங்க.”

“பேப்பர் எத்தனை மணிக்கு வருது?”

“அஞ்சுக்கு. ஏன்?”

“நான் எழுந்திருக்கிறது ஏழுக்கு.”

“அதுக்கென்ன இப்போ? பஸ் போயிடும்...”

அவர் பேப்பரை அவள் பக்கம் திருப்பினார். நான்கு எழுதிய கட்டம் மட்டும் வெளுத்திருந்தது.

“அச்சடிச்ச சாம்பல் ரப்பருக்கு அழியாதும்மா. இது பென்சில்ல தீட்டினது. ஏழு நாளும் எனக்கு முன்னாடி முடிச்சவ நீ. நாளைக்குப் பேப்பரைத் தொடாம தூங்கு, நான் ஒண்ணுலேர்ந்து எண்ணறேன்.”