அடங்கிய கைகள்

ஈரோட்டில் அந்தப் பள்ளியின் ஆண்டு விழாவில், இந்த வருடத்து ‘அமைதிக்கரம்’ விருது நறுமுகைக்கு. ஆட்டிசம் உள்ள அந்தப் பத்து வயதுக்காரி, முன்பெல்லாம் சத்தம் கூடினால் இரண்டு கைகளையும் ஈரம் உதறுவதுபோல் படபடவென்று உதறுவாள். சந்தோஷம் கூடினாலும் அதேதான். கைகளை அடக்கவென்று பள்ளியில் அவள் மணிக்கட்டுகளில் பட்டை மாட்டிய பிறகு, எழுதவும் சாப்பிடவும் தவிர வேறெதற்கும் கைகள் அசைவதில்லை.

அசையாமையின் மகிமையைப் பற்றித் தாளாளர் விரிவாகப் பேசினார். பேசி முடிக்கும்வரை பேனாவை டக் டக்கென்று அமுக்கிக்கொண்டே இருந்தார். தலைமை விருந்தினர் மீசையை முறுக்கியபடி ஆமோதித்தார். முன்வரிசையில் நறுமுகையின் அப்பா சேந்தனுக்குப் பெருமிதத்தில் கால் தானாக ஆடிக்கொண்டிருந்தது.

பொன்னாடை போர்த்தியதும் அரங்கமே கைதட்டியது. மகளின் முகம் வெளுப்பதைப் பார்த்துச் சேந்தன் மேடைக்கு ஓடினார்.

“என்ன கண்ணு, பயமா இருக்குதா?”

“அப்பா, நான் இங்கதான் இருக்கறனா?”

“இங்கதான நிக்கற சாமி!”

“கை ஆடுனாத்தான் எனக்கு அது தெரியும்.”

சேந்தன் பட்டைகளின் கொக்கியில் கை வைத்தார்.

“கழட்டாதீங்க சார், இன்னும் போட்டோ எடுக்கலீங்க” என்று தாளாளர் சிரித்த முகத்தோடே பல்லைக் கடித்தார்.

பட்டைகள் கழன்று விழுந்தன. கைகள் அப்படியே தொங்கின.

“ஆட்டு கண்ணு, ஆரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க” என்று சேந்தன் கெஞ்சினார். அசைவே இல்லை. கடைசியில் அவரே, அத்தனை பேர் பார்க்க, தன் இரண்டு கைகளையும் அவளைப் போலவே உதறிக் காட்டினார். கூட்டம் சிரித்தது.

நறுமுகை அந்தக் கைகளைக் கண்கொட்டாமல் பார்த்தாள்.

“அது என்னோட கையாப்பா?” என்று கேட்டாள்.