கூடை நிறைய மீதி

போதகர் பிரசங்கத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு எங்கள் பைகளைப் பார்த்தார்.

"அஞ்சு அப்பத்துல அத்தனை ஜனமும் எப்படிச் சாப்பிட்டுச்சு? ஒவ்வொருத்தரும் ஒளிச்சு வச்சிருந்ததை வெளிய எடுத்தாங்க. எனக்குத் தெரிஞ்ச அர்த்தம் அதுதான்."

ஊரே ஆலயத்துக்குள் அடைக்கலம் புகுந்திருந்தது. வெளியே வெள்ளம் வாசற்படி வரை நின்றது.

நான் இந்த ஆலயத்தைக் கூட்டித் துடைக்கிறவள். என் வாளியில் ஈரத்துணிக்கு அடியில் அரை ரொட்டி இருந்தது. கோபுரம் ஒழுகுகிறது, துடைத்துவிட்டு வருகிறேன் என்று சொல்லித் தினமும் இந்த வாளியோடுதான் மேலே போவேன். மேலே ஒருவன் பசியோடு காத்திருக்கிறான். அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

முதலில் எழுந்தது தையற்காரர் மனைவி. தலையைக் குனிந்தபடியே பிஸ்கட் பாக்கெட்டுகளை மேசையில் வைத்தாள். அடிப்பாவி! நேற்று என் தோளில் சாய்ந்து பசி பசி என்று அழுதவள்.

அடுத்து கணக்கு டீச்சர், பால்பவுடர் டின்னோடு. கொத்தனார் தன் கரண்டிப் பையிலிருந்து அவித்த முட்டைகளை எடுத்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேசை நிரம்பிவிட்டது. இத்தனையையும் வைத்துக்கொண்டா பட்டினி கிடந்தோம் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பிறகு எல்லார் கண்ணும் என் பக்கம் திரும்பியது.

வைத்தேன். வேறு என்ன செய்ய?

சாப்பிட்டார்கள். வெள்ளம் வந்தபிறகு அன்றுதான் ஆலயத்துக்குள் சிரிப்புச் சத்தம் கேட்டது. நானும் ஒரு முட்டை சாப்பிட்டேன். 

"இப்பதான் கையில தெம்பு வருது. அந்த அணை ஷட்டரைத் திறந்துவிட்டவன் மட்டும் என் கண்ணுல பட்டான்..." என்றார் கொத்தனார்.

அவர் முடிக்கவில்லை. போதகர்கூட அவரைத் தடுக்கவில்லை. வெள்ளம் இழுத்துப்போன கொத்தனாரின் மனைவி இன்னும் கிடைக்கவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கும் வாய் வராது.

எல்லாரும் சாப்பிட்டும் ஒரு கூடை நிறைய மீதி. அதைப் பார்த்ததும்தான் எனக்கு உயிர் வந்தது. அப்பாடா, இன்றைக்கு அவனும் வயிறாரச் சாப்பிடுவான். கூடையை எடுத்து வைக்கிற சாக்கில் ரெண்டு முட்டையை வாளிக்குள் நழுவவிட்டேன்.

போதகருக்குக் கண் கலங்கிவிட்டது. யாராவது போய் மணி அடியுங்கள் என்றார். இங்கே எல்லாரும் சேர்ந்து சாப்பிட்டு மீதி வந்தால் கோபுர மணியை அடிப்பது வழக்கம். வெள்ளம் வந்ததிலிருந்து மணி அடிக்கக் காரணமும் இல்லை, அத்தனை படி ஏற யாருக்கும் தெம்பும் இல்லை.

"நான் போறேன் ஐயா" என்று வாளியைத் தூக்கினேன்.

"நீ உட்காரும்மா, தினமும் நீதான ஏறி எறங்குற" என்று கொத்தனார் வாளியை வாங்கிக் கீழே வைத்தார்.

படி வழுக்கும் என்றேன். விளக்கு இல்லை என்றேன். ஒருவரையொருவர் பிடித்துக்கொள்வோம் என்று சிரித்தார்கள். கொத்தனார் முன்னால் போனார். பின்னால் தையற்காரர், டீச்சர், இன்னும் யார் யாரோ. திருவிழாக் கூட்டம் மாதிரி ஏறினார்கள்.

கத்தியிருக்கலாம். கத்தினால் நானே காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

திறக்காவிட்டால் அணையே உடைந்திருக்கும். திறக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவும் வந்தது. இதையெல்லாம் இப்போது யாரிடம் சொல்ல? ஷட்டரைத் திறந்தவன் என் தம்பி.

அவன் ஒளிந்திருக்கும், மணிக்கயிறு தொங்கும் அறைக்கு உள்பக்கம் இரும்புத் தாழ்ப்பாள் உண்டு. பத்துப் பேர் சேர்ந்து இடித்தாலும் அசையாது.

ஆனால் நேற்றிலிருந்து அவன் ஒன்றும் சாப்பிடவில்லை.

நான்தான் அவனிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். படியில் காலடி கேட்டால் அக்கா சாப்பாடு கொண்டுவருகிறாள் என்று அர்த்தம். யாரென்று கேட்காதே, குரல் கீழே கேட்டுவிடும். உடனே கதவைத் திற.