அடுக்களையில் நின்ற குதிரை

அடுக்களையில் ஒரு வெள்ளைக் குதிரை நின்றுகொண்டிருந்தது. மூன்று வாரங்களுக்கு முன் கொலையுண்ட பெண்மணி, அதன் எதிரே அமர்ந்து நிதானமாகத் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தார்.

“இப்ப என்ன தம்பி சொல்றா அந்தப் பொம்பள?” என்று கேட்டார் செல்லச்சாமி.

குருநாதன் தொண்டையைச் செருமிக்கொண்டார். “சீனி போடவான்னு குதிரைட்ட கேக்குறாண்ணே.”

இலங்கைத் தொலைக்காட்சியில் வெள்ளிதோறும் மாலை ஆறரை மணிக்கு ஒளிபரப்பாகிவந்த சிங்கள மர்மத் தொடர் அது. ஆன்டெனாவைக் கடல் பக்கம் திருப்பி வைத்தால் உச்சிப்புளிப் பக்கத்து வீடுகளில் படம் பளிச்சென்று விழும். பேச்சு மட்டும் விளங்காது. அது குருநாதனுக்கும் விளங்காது என்பதுதான் சங்கடம்.

ஆறு வாரங்களுக்கு முன், குருநாதனுடைய மகள் பூமயிலைத் தம் மகனுக்குப் பெண் பார்க்க வந்த செல்லச்சாமி, ஓடிக்கொண்டிருந்த தொடரைக் காட்டி, “இவனுக என்ன பேசுறானுக?” என்று சாதாரணமாகத்தான் கேட்டார். தெரியாது என்று சொல்லக் கூசிய குருநாதன், தாம் கொழும்பில் பன்னிரண்டு ஆண்டுகள் கடை வைத்திருந்ததாகச் சொல்லிவிட்டார். உண்மையில் அவர் இலங்கைக் கரையான தலைமன்னார் வரை கப்பலில் போய், வாந்தியெடுத்த களைப்புத் தீருமுன் அடுத்த கப்பலிலேயே ஊர் திரும்பியவர்.

அன்று முதல் செல்லச்சாமி எந்த வெள்ளியும் தவறியதில்லை. தொடர் முடிந்ததும், பணியாரமும் காப்பியுமாக ஒரு மணி நேரம் இருவரும் அந்த வாரத்துக் கதையை அலசுவார்கள். கல்யாணப் பேச்சை எடுத்தால் மட்டும், “கொலகாரன் யாருன்னு மொதல்ல தெரியட்டும் தம்பி” என்று நழுவிவிடுவார்.

“பரமக்குடிப் பக்கம் பொண்ணு பாக்கப் போன வீட்டுல நெலத்தக் கூட்டிச் சொன்னாகன்னு, பாதிச் சாப்பாட்டுல எந்திரிச்சு வந்த மனுசன் அவரு,” என்று மனைவி ராமலெட்சுமி எச்சரித்திருந்தார். “ஒங்க பொய்யில எம்மக வாழ்க்கை தொங்குது. பாத்துப் பேசுங்க.”

ஏழாவது வெள்ளியாகிய இன்று, செல்லச்சாமி தனியாக வரவில்லை. “பெரியபட்டினத்து மஹ்மூது பாய். கொழும்புல இருவது வருசம் கருவாட்டுக் கடை வச்சிருந்தவுக. ஒங்களுக்குப் பேச்சுத் துணையா இருக்கட்டுமேன்னு கூட்டியாந்தேன்,” என்று வாசலிலேயே அறிமுகம் செய்துவைத்தார்.

குருநாதனின் வயிற்றில் பழைய கப்பல் மறுபடியும் ஆடத் தொடங்கியது. மின்சாரம் போகாதா, ஆன்டெனாவில் ஒரு காக்கையாவது வந்து உட்காராதா என்று ஏங்கினார். இரண்டும் நடக்கவில்லை. அன்று பார்த்துப் படம் முன்னெப்போதும் இல்லாத தெளிவுடன் விழுந்தது.

குதிரை போனதும் திரையில், வீட்டுக்குள்ளேயே குடை பிடித்து உலவும் கிழவர் தபால்காரரிடம் ஏதோ சொன்னார். செல்லச்சாமி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “என்ன தம்பி சொல்றான்?” என்றார்.

“குடை மழைக்கு இல்லையாம்ணே. பொண்டாட்டி பேச்சுக்காம்.”

உள்ளே ராமலெட்சுமி ஒரு பாத்திரத்தை ‘டங்’கென்று வைத்தார்.

“சரிதானா பாய்?” என்று செல்லச்சாமி திரும்பினார்.

மஹ்மூது பாய் தாடியைத் தடவியபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாஷா அல்லாஹ்,” என்றார் பாய். “ஒரு சொல்லு பெசகல.”

குருநாதனுக்குத் தம் காதுகளையே நம்ப முடியவில்லை. ஆயினும், அந்த ஒரு சொல் தந்த தெம்பில், தொடர் முடிந்தபின் அலசலில் வெளுத்து வாங்கினார்.

“அது இருக்கட்டும் தம்பி,” என்று செல்லச்சாமி பணியாரத்தைப் பிட்டபடி மடக்கினார். “செத்தவ எப்படி டீ ஆத்துறா?”

“அவ செத்தது குதிரைக்குத் தெரியாதுண்ணே. வீட்டுல ஒருத்தரும் அதுகிட்டச் சொல்லல.”

“சொன்னாத்தான் என்னவாம்?”

“எப்படிண்ணே சொல்றது? வாயில்லாச் சீவன், தாங்குமா? அதுக்காகத்தான் அவ தெனமும் வந்து டீ ஆத்திட்டுப் போறா.”

செல்லச்சாமி வாயருகே கொண்டுபோன பணியாரத்தை அப்படியே தட்டில் வைத்துவிட்டார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

“கொலகாரன் ஆம்புட்டா ஆம்புடட்டும், ஆம்புடாட்டிப் போகட்டும். வர்ற வெள்ளிக்கெழம வெத்தல பாக்கு மாத்திக்கிருவோம் தம்பி.”

உள்ளே பூமயிலின் வளையல் சத்தம் கேட்டது. ராமலெட்சுமி முந்தானையால் கண்களை ஒற்றிக்கொண்டே வெளியே வந்து, இன்னும் நான்கு பணியாரங்களை விருந்தாளிகளின் தட்டில் வைத்தார்.

விடைபெறும்போது செல்லச்சாமி முன்னே நடந்து தெருவுக்குப் போய்விட்டார். வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த மஹ்மூது பாயின் கைகளைக் குருநாதன் இறுகப் பற்றிக்கொண்டார்.

“பாய், நான் சொன்னதுல ஒத்த வார்த்தை நெசமில்லைன்னு ஒங்களுக்குத் தெரியும். ஏன் என்னையக் காட்டிக் குடுக்கல?”

“நான் எங்கிட்டுக் காட்டிக் குடுக்குறது? வாரப்பவே செல்லச்சாமி சொல்லித்தான கூட்டியாந்தாக. ‘டிவியில வாரத விட அவரு சொல்ற கதை நல்லாருக்கும் பாய், குறுக்க வாயத் தொறந்துராதீக’ன்னு.”

குருநாதன் பாயின் கைகளை விட்டுவிட்டார். “நான் சொல்றது வேற கதைன்னு அவுகளுக்கு எப்படித் தெரியும்?”

பாய் செருப்பை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தார்.

“எனக்குச் சிங்களம் கத்துக் குடுத்ததே அவுகதான்.”