வலது பை

தேர்தல் அறிவித்துவிட்டால் உரிமம் உள்ள துப்பாக்கிகளையெல்லாம் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட வேண்டும். வரிசையில் மாசிலாமணிக்கு முன்னால் நின்றது அவருடைய தம்பி சம்பந்தம். தென்னந்தோப்பு வழக்குக்குப் பிறகு பதினோரு வருடமாக இருவருக்கும் பேச்சில்லை. அன்றைய வெயிலில் எல்லாமே தண்ணீருக்கடியில் நடப்பதுபோல மெதுவாக நடந்தது. ஏட்டய்யாவின் மேசையில் இரண்டு கைத்துப்பாக்கிகளும் அடுத்தடுத்து வைக்கப்பட்டன. ஒரே கம்பெனி, உள்ளங்கையில் அடங்கும் அதே அளவு. ஒரு கூட்டில் தூங்கும் இரண்டு குருவிகள் போலிருந்தன. “உங்களுக்கு எப்படி இருக்குதுங்க?” என்றார் சம்பந்தம், துப்பாக்கியைப் பார்த்தபடியே. “ரொம்ப லேசு. ஜிப்பாப் பையில இருக்கறதே தெரியாது. உனக்கு?” “எனக்கு மறக்கவே மாட்டேங்குது. வலது பையில இது கெடக்குதேன்னு பேத்தியக்கூட இடப்பக்கமாத்தான் தூக்கறேன்.” “சுட்டுப் பாத்தியா?” “இல்ல. நீங்க?” “இல்ல.” ஏட்டய்யா இரண்டுக்கும் சீட்டுக் கட்டி ஒரே பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். வெளியே வந்தபோது இருவருக்கும் உடம்பு மிதந்தது. கால் தரையில் பாவவில்லை. வேப்பமரத்தடியில் கழற்றிப் போட்டிருந்த செருப்பைத் தேடிக்கொண்டே மாசிலாமணி, “பேத்தி யாரு ஜாடை?” என்று கேட்டார். சம்பந்தம் சிரித்தார். வலது பைக்குள் கையை விட்டுத் துழாவினார். போட்டோவை எடுத்துக்கொண்டு அவர் நிமிர்ந்தபோது அண்ணன் மரத்துக்குப் பின்னால் பதுங்கியிருந்தார். தன் கையும் காலிப் பைக்குள் இறுகிக் கிடப்பதை மாசிலாமணி அங்கே நின்றுதான் பார்த்தார்.