பத்தொன்பதுக்கு இரண்டு

"எட்டைத் தூக்கிரலாம்லா, கோச். இன்னும் என்ன யோசனை?"

கல்லூரியின் விளையாட்டுப் பிரிவு அலுவலர் நாகூர் மீரான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி நான்கரை. ஐந்துக்குள் பன்னிரண்டு பேர் கொண்ட பட்டியல் கூடைப்பந்துச் சங்கத்துக்குப் போயாக வேண்டும். அணியில் இருந்ததோ பதின்மூன்று பேர்.

பயிற்சியாளர் பவித்ரன் தாள்களை மறுபடி புரட்டினார். டெங்கிக் காய்ச்சலில் பத்து காஜா என்ற ஊரின் மருத்துவமனையில் மூன்று வாரம் கிடந்துவிட்டு, முந்தைய நாள்தான் ஈப்போ நகருக்குத் திரும்பியிருந்தார். பருவத்தின் முதல் மூன்று ஆட்டங்களில் ஒன்றைக்கூட அவர் பார்க்கவில்லை; பையன்களே சமாளித்து ஆடியிருந்தார்கள். மீரானோ ஆட்டம் பார்க்கப் போகிறவரே அல்லர். மேசைமேல் இருந்தவை அரங்கத்தின் குறிப்பாளர்கள் எழுதித் தந்த தாள்கள். அவற்றில் பெயர் கிடையாது, சட்டை எண் மட்டுமே. எந்த எண் யாருக்கு என்பது, சட்டை கொடுத்த அன்று பவித்ரன் தம் கையால் எழுதிய பச்சைப் புத்தகத்தில் இருந்தது.

"பதினால பாருங்கண்ணே. இருபத்தேழு எறிஞ்சு பதினெட்டு கூடை. நம்ம சீனப் பையன் வெய் கிட் இப்படி ஆடுவான்னு நான் கனவுலகூட நினைக்கல."

"எட்டு?"

"பத்தொன்பதுக்கு ரெண்டு. பந்த பறிகொடுத்தது பதினோரு தடவ." பவித்ரனின் விரல் அந்த வரியை விட்டு நகரவில்லை. "தீபன் கை இப்படிப்பட்ட கை இல்லண்ணே. போன வருசம் நம்மள கரையேத்துனதே அவன்தான்."

"போன வருசம் போயிருச்சு. தாளு பொய் சொல்லுமா?"

தாள் பொய் சொல்லாது என்று இருபது ஆண்டுகளாகச் சொல்லி வந்தவரே பவித்ரன்தான். ஆனாலும் மனம் உறுத்தியது. ரப்பர் போய் எண்ணெய் தரும் செம்பனை வந்துவிட்ட ஒரு பழைய தோட்டத்தில் தீபனின் வீடு. அணியில் இருக்கும்வரைதான் அவனுக்கு விடுதி அறை. அங்கிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி எட்டு மணி வகுப்புக்கு வர முடியாது. அறை போனால் படிப்பும் போகும்.

"அவன வரச் சொல்லுங்க," என்றார்.

எண்களைக் காட்டி எவனையும் நோகடிப்பதில்லை என்பது அவர் வழக்கம். அன்றும் அதை மீறவில்லை.

"தீபன், இந்த சீசன் உனக்கு இடமில்லப்பா. நல்லா யோசிச்சுத்தான் சொல்றேன்."

தீபன் தலையாட்டினான்.

"சரி, கோச். ரூம எப்ப காலி பண்ணணும்?"

"வெள்ளிக்கிழம."

"அம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல..." என்றவன் சட்டென்று நிமிர்ந்தான். "சட்டைய இப்பவே கொண்டாந்து குடுத்துர்றேன்."

ஏன் என்று அவன் கேட்கவே இல்லை. சரியாக ஆடவில்லை என்பது அவனுக்கே தெரிந்திருக்கிறது என்று பவித்ரன் தம்மைத் தேற்றிக்கொண்டார். பட்டியலில் பதினான்காம் எண், வெய் கிட் என்ற பெயருக்கு எதிரே 'அணியின் தூண்' என்று குறித்தார். ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மீரான் அதை அனுப்பினார்.

"முடிஞ்சிருச்சு. இனி மாத்த முடியாது," என்றபடி அவர் கணினியை மூடவும் தீபன் திரும்பி வரவும் சரியாக இருந்தது. துவைத்து மடித்த சட்டையை இரண்டு கைகளாலும் மேசைமேல் வைத்தான். மடிப்பு அவிழ்ந்து முதுகுப்புறம் மேலே வந்தது.

அதில் 14 என்று இருந்தது.

"மன்னிச்சிருங்க, கோச். எட்டு சனி நம்பருன்னு அம்மா பயந்தாங்க. வெய் கிட் வீட்டுல பதினாலுன்னா சாவு, எட்டுன்னா அதிர்ஷ்டமாம். மொத ஆட்டத்துக்கு முன்னாடியே ரெண்டு பேரும் மாத்திக்கிட்டோம்." அவன் தலைகுனிந்தான். "நீங்க எனக்குக் குடுத்தது எட்டுதானே... அவன்கிட்டருந்து வாங்கியாந்து தரட்டுமா?"